பள்ளத்தில் சோலை, மேட்டில் புல்: பழனி மலையின் தீராத வழக்கு

பழனி மலையின் மேல்தளத்தில் காடு ஒரே விரிப்பாகக் கிடையாது. ஏறக்குறைய 1,800 மீட்டருக்கு மேலே, ஓடை பிறக்கும் மடிப்புகளிலும் சரிவின் குடைவுகளிலும் சிறு சிறு சோலைகள் ஒதுங்கி நிற்கின்றன. அவற்றுக்கு மேலே, முகடு வரைக்கும், புல். கொடைக்கானல் ஊருக்குள் அகப்பட்ட பியர் சோலை, வட்டக்கானல் பக்கத்துப் பாம்பார் சோலை, பேரிஜம் வழியிலுள்ள மதிகெட்டான் சோலை எல்லாம் இந்த வகைதான். இவை இலையுதிர் காடுகள் அல்ல. ஆண்டு முழுக்கப் பசுமையானவை. மரங்கள் குட்டை, கிளைகள் முறுக்கு, பட்டை முழுக்கப் பாசியும் ஆர்க்கிட்டும். கொழுந்து சிவந்து வருவதால் தூரத்திலிருந்து பார்த்தால் சில மாதங்களில் மேற்கவிகை செம்பழுப்பாகத் தெரியும்.

இந்தக் காட்டின் விளிம்புதான் விசித்திரம். சோலை மெல்ல மெல்லத் தேய்ந்து புல்லாவதில்லை. சில அடிகளுக்குள் சட்டென்று முடிந்துவிடுகிறது. அதே மலை, அதே மழை, பக்கத்துப் பக்கத்து மண். அப்படியிருக்க, மரம் ஏன் மேட்டில் ஏறவில்லை? புல் ஏன் பள்ளத்தில் இறங்கவில்லை? நூறாண்டுக்கு மேலாகத் தாவரவியலாளர்களும் வனத்துறையினரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவருகிறார்கள். ஒவ்வொரு பதிலோடும் இந்த மலையை என்ன செய்ய வேண்டும் என்ற தீர்மானமும் சேர்ந்தே வந்தது. பதில் தவறானபோது அதன் விலையை மலை கொடுத்தது. இந்த வழக்கை முதலிலிருந்து பார்ப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

அழிந்த காட்டின் மிச்சம்

முதல் பதில் எளிமையானது: ஒரு காலத்தில் மலை முழுக்கச் சோலையாக இருந்தது, மனிதன் தீ வைத்தான், மாடு மேய்த்தான், வெட்டினான், எஞ்சியது பள்ளத்தில் ஒதுங்கியது. இதற்குக் கோட்பாட்டு முதுகெலும்பாக அமைந்தது அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் 1916இல் முன்வைத்த கருத்து. எந்த நிலத்துக்கும் அதன் தட்பவெப்பத்துக்கு ஏற்ற ஓர் உச்சநிலைத் தாவரக் கூட்டம் உண்டு. தொந்தரவு இல்லாவிட்டால் நிலம் அதை நோக்கியே நகரும் என்றார் அவர். மழை மிகுந்த மலையில் அந்த உச்சநிலை காடாகத்தான் இருக்க முடியும் என்று கொண்டால், புல்வெளி என்பது தடைபட்ட காடு.

இந்தியக் காடுகளை வகைப்படுத்திய ஹாரி சாம்பியன் 1936இல் இந்தப் பார்வையிலேயே எழுதினார். எஸ். கே. சேத்துடன் சேர்ந்து 1968இல் அவர் திருத்தி வெளியிட்ட வகைப்பாட்டில், தென்னக மலைப் புல்வெளி சோலைக் காட்டின் சிதைவு நிலையாக வைக்கப்பட்டது. அந்த நூல் இன்றும் வனத்துறையின் கைநூல். ஒரு நிலத்தை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுகிறோம் என்பது அதன் தலையெழுத்தை எந்த அளவுக்குத் தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பதிலை வெறும் காலனிய மூடநம்பிக்கை என்று தள்ளுவது நியாயமாகாது. மேல்பழனியில் கோடைதோறும் தீ ஓடுவது கண்கூடு. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி போன்ற ஊர்களின் வேளாண்மையும் மேய்ச்சலும் பல நூற்றாண்டுப் பழக்கம். மனிதர் இங்கே அதற்கும் வெகுகாலம் முன்பே வந்துவிட்டார்கள். செண்பகனூர் சேசு சபையைச் சேர்ந்த ஆங்கிலேடும் நியூட்டனும் பழனி மலையின் கல்திட்டைகளைப் பற்றி எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. கல்லைப் புரட்டி வீடு போல் அடுக்கியவர்கள் காட்டையும் திருத்தியிருக்க மாட்டார்களா என்ற கேள்வி இயல்பானது.

ஆனால் கல்திட்டைகள் பெரும்பாலும் தாண்டிக்குடி போன்ற நடுமலைப் பகுதிகளில் இருக்கின்றன. புல்வெளி பரந்திருப்பதோ அதற்கு மேலே. இரண்டாவது சிக்கல் இன்னும் கனமானது. புல்வெளியை விட்டால் வேறு போக்கிடமில்லாத உயிர்கள் இங்கே இருக்கின்றன: வரையாடு, நீலகிரி நெட்டைக்காலி என்னும் பறவை, 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி. உயர்மலைப் புல்வெளிகளுக்கே உரிய இத்தகைய உயிரினங்கள் சில நூற்றாண்டு மேய்ச்சலில் உருவாகிவிடாது. மனிதன் புல்வெளியை உண்டாக்கினான் என்றால், அவை அதற்கு முன் எங்கே வாழ்ந்தன என்பதற்கு அந்தத் தரப்பிடம் பதில் இல்லை.

இங்கிலாந்தின் சிறுகாடுகளைப் பற்றியும் இதற்கு நெருங்கிய வழக்கு ஒன்று நடந்தது. வயல்களுக்கு நடுவே தனித்து நிற்கும் அந்த ஓக், ஹேசல் காடுகள் முழுநாட்டையும் மூடியிருந்த ஒரு பெருங்காட்டின் துண்டுகள் என்பதே ஆர்தர் டான்ஸ்லி காலத்துப் பொதுக் கருத்து. டச்சு ஆய்வாளர் ஃபிரான்ஸ் வேரா, பெரும் மேய்ச்சல் விலங்குகள் ஆதியிலிருந்தே அந்த நிலத்தைத் திறந்தவெளியாக வைத்திருந்தன என்று வாதிட்டார்; 2000இல் அவரது நூல் ஆங்கிலத்தில் வந்தபின் விவாதம் சூடேறியது. ஆலிவர் ராக்கம் போன்றோர் ஆவணங்களையும் மரத்தூர்களையும் படித்து, காடு என்பது மனிதன் தொட்டால் அழிவது மட்டுமல்ல, முறை வைத்து வெட்டி வெட்டியே நூற்றாண்டுகள் வாழக்கூடியது என்றும் காட்டினார்கள். அங்கிருந்து வந்த வனவியல் படிப்போடு பழனியைப் பார்த்தவர்கள் புல்லுக்கு நடுவே துண்டுக் காட்டைக் கண்டதும், இழந்துபோன ஒரு முழுக்காட்டை மனத்தில் வரைந்துகொண்டது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் வெட்டினால் தூரிலிருந்து துளிர்த்து மீளும் ஹேசலின் கதையை, திறந்த வெளியில் நாற்றே தங்காத சோலை மரங்களுக்குப் பொருத்த முடியாது.

பனியின் வேலை

1938இல் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் சி. ஆர். ரங்கநாதன் நீலகிரிப் பீடபூமியைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த வழக்கைத் திருப்பிப் போட்டது. புல்வெளி சிதைவு அல்ல, இயற்கையானது. சோலை மரங்களின் நாற்று அங்கே முளைத்தாலும் உறைபனி அதைக் கொன்றுவிடுகிறது என்பது அவர் வாதம். அதே ஆண்டு, அதே இதழில், என். எல். போர் தீயையும் மேய்ச்சலையும் முன்னிறுத்தி எதிர்நிலை எடுத்தார். இரு தரப்பும் அப்போதே நேருக்கு நேர் நின்றன என்பதும், அடுத்த அரை நூற்றாண்டுக்கு நிர்வாகம் போர் பக்கமே சாய்ந்தது என்பதும் கவனிக்க வேண்டியவை.

1960களில் வி. எம். மெஹர்-ஹோம்ஜி ரங்கநாதனின் வாதத்தை விரிவாக்கினார். சோலை மரங்களில் பெரும்பாலானவை வெப்பமண்டலக் குடிகள். உறைபனியைத் தாங்கும் பழக்கம் அவற்றுக்கு இல்லை. விதிவிலக்கு, காட்டுப்பூவரசு என்னும் ரோடோடென்ட்ரான். இமயமலையில் உறவினர்களைக் கொண்ட இந்த மரம் தடித்த பட்டையோடு சோலை விளிம்பிலும், சில வேளை புல்வெளி நடுவில் தன்னந்தனியாகவும் நிற்கிறது. பனியும் தீயும் வடிகட்டியபின் யார் மிஞ்சுவார் என்பதற்கு அதுவே சாட்சி.

பனி வாதத்தை மடக்க எளிதாக ஒரு கேள்வி கேட்கலாம். குளிர்ந்த காற்று கனமானது; இரவில் வழிந்து பள்ளத்தில்தான் தேங்கும். கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி முதலில் வெளுப்பது கீழ்பூமி, ஜிம்கானா போன்ற தாழ்ந்த இடங்களில்தான். அப்படியானால் சோலை மேட்டிலும் புல் பள்ளத்திலும் அல்லவா இருக்க வேண்டும்?

இங்கே கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். மேகமில்லாத பனிக்காலத்து விடியலில், சோலை விளிம்புக்கு வெளியே புல்லின் ஒவ்வொரு தாளும் உப்பு பூத்தது போல வெளுத்து, மிதித்தால் நொறுங்கும். விளிம்பைத் தாண்டி நாலு எட்டு உள்ளே போனால் சருகு ஈரமாகத்தான் இருக்கும், உறைந்திருக்காது. திறந்த புல்தரை பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் இரவில் வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. சோலையின் கவிகை அந்தச் சூட்டைத் தடுத்துத் தரையிலேயே வைக்கிறது. ஆகவே நாற்றின் உயிர் அது மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்பதைவிட, தலைக்கு மேல் கவிகை இருக்கிறதா என்பதையே சார்ந்திருக்கிறது. தவிர, சோலைகள் நிற்பது பள்ளத்தாக்கின் தட்டையான அடியில் அல்ல, சரிவின் மடிப்புகளில். தட்டையான அடி பல இடங்களில் மரமற்ற சதுப்பாகவே கிடக்கிறது. பனி வாதத்துக்கு எதிராகச் சொல்லப்பட்டது பாதி அதற்குச் சாதகமாகவே முடிகிறது.

நீண்ட காலம் இது கவனிப்பை நம்பிய வாதமாகவே இருந்தது. 2020இல் ஜோஷி, ரத்னம், சங்கரன் ஆகியோர் நீலகிரியில் நட்டுப் பார்த்த சோதனையை வெளியிட்டபோதுதான் நேரடிச் சான்று வலுப்பெற்றது. புல்வெளியில் சோலை நாற்றுகளை உறைபனி சாய்த்தது. அயல்மரமான வாட்டில் அங்கே தாக்குப்பிடித்தது. சூழல் வெப்பம் கூடினால் இந்தச் சமன்பாடு குலையக்கூடும் என்பது அவர்கள் எச்சரிக்கை.

மண்ணும் தீயும்

மேட்டில் மண் ஆழமில்லை, ஈரம் தங்காது, காற்று பலம். ஆகவே மரம் வராது என்பது இன்னொரு பழைய விளக்கம். சோலை மண் கறுத்து ஆழமாக இருப்பது உண்மைதான். ஆனால் ஆழமான மண் சோலைக்குக் காரணமா, சோலையின் விளைவா என்பதைப் பிரித்தறிவது கடினம். அதைவிடப் பெரிய மறுப்பை வனத்துறையே அறியாமல் நடத்திக் காட்டியது: அந்தப் புல்மேடுகளில்தான் பைனும் தைலமரமும் வாட்டிலும் ஓங்கி வளர்ந்தன. மரத்தைத் தாங்காத மண் என்ற பேச்சுக்கு அதன்பின் இடமில்லை.

தீ வேறு வகை. தீ மட்டுமே புல்லைக் காக்கிறது என்றால், தீ படாமல் காத்த இடங்களில் சோலை விறுவிறுவென்று முன்னேறியிருக்க வேண்டும். பல பத்தாண்டுகள் காத்தும் விளிம்பு பெரிதாக நகரவில்லை என்பது பலரும் பதிவு செய்த கவனிப்பு. அதே நேரம், விளிம்பு நாற்றுகளைத் தீ கருக்குவதும் உண்மை. ஆகவே தீயைத் தனிக் காரணமாக வைப்பதும் சரியல்ல, கணக்கிலிருந்து எடுப்பதும் சரியல்ல. மேல்பழனியின் தீயில் எவ்வளவு மின்னல், எவ்வளவு மனிதக் கை என்று பிரித்துச் சொல்ல உறுதியான அடிப்படை இதுவரை அமையவில்லை.

சதுப்பின் நினைவு

புல்வெளி பழையதா புதியதா என்ற வழக்கில் கடைசியாகக் கூண்டேறிய சாட்சி, மலைச் சதுப்புகளில் படிந்திருக்கும் கரி போன்ற தாவரச் சேறு. வெப்பமண்டலப் புற்கள் பலவும் ஒளிச்சேர்க்கையில் மரங்களிலிருந்து வேறுபட்ட வழியைப் பின்பற்றுகின்றன. அதனால் அவற்றின் உடலில் கார்பன்-13 சற்றுக் கூடுதலாகச் சேரும். சேற்றை அடுக்கடுக்காக எடுத்து அளந்தால், எந்தக் காலத்தில் எது ஓங்கியிருந்தது என்று ஊகிக்கலாம். ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் குழுவினர் நீலகிரிச் சதுப்புகளில் இதைச் செய்து 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 18,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், வறண்ட தட்பவெப்பமும் புல்லின் ஆதிக்கமும். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மழை வலுத்து மரவகைகளின் பெருக்கம். பின்னர் மீண்டும் வறட்சி, மீண்டும் புல்.

இதன் பொருள் பெரிது. இந்த மலைகளில் உழவோ மாடோ வருவதற்கு வெகுகாலம் முன்பே புல் இருந்திருக்கிறது. சோலையும் புல்லும் தட்பவெப்பத்தோடு ஏறி இறங்கி இடம் மாற்றிக்கொண்டே இருந்திருக்கின்றன. ‘முழுக்காட்டின் மிச்சம்’ என்ற கதை இத்தோடு தன் அடித்தளத்தை இழந்துவிட்டது என்றே சொல்வேன்.

எச்சரிக்கைகளும் உண்டு. உயர்மலையில் மரங்களைப் போன்ற ஒளிச்சேர்க்கை வழியைக் கொண்ட புல், கோரை வகைகளும் வளர்கின்றன. மரம் போன்ற கார்பன் எல்லாமே காட்டைக் குறிக்க வேண்டியதில்லை. சதுப்பு தன் சுற்றுவட்டாரத்தையே நினைவில் வைத்திருக்கும். மலை முழுக்க எவ்வளவு சோலை இருந்தது என்ற வரைபடத்தை அது தராது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் 2007இல், நீலகிரிக்கு உள்ளேயே இந்த மாற்றம் இடத்துக்கு இடம் வேறுபட்டது என்று மண்ணைக் கொண்டு காட்டினார்கள். நீலகிரிக்குள்ளேயே அப்படியென்றால், அங்கே கிடைத்ததை அப்படியே பழனிக்குத் தூக்கி வைக்க முடியுமா?

இந்தத் துறை முழுவதிலும் உள்ள குறை இதுதான். நான் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழனி மலை கிழக்கு நோக்கி நீண்ட தொடர். மேற்கே ஆனைமலை தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள, கொடைக்கானலுக்கு வடகிழக்குப் பருவமழை பெரிய ஆதாரம். மேகம் கவியும் மாதமும், வானம் தெளிந்து பனி விழும் மாதமும், புல் காய்ந்து தீப்பிடிக்கும் மாதமும் இங்கே நீலகிரியின் மேற்கு விளிம்பில் உள்ளதைப் போல அமைவதில்லை. பழனிக்குத் தாவரப் பட்டியல் உண்டு, அதுவும் சிறப்பானது: ஃபைசன் 1915 முதல் நீலகிரி, பழனி உச்சிகளின் தாவரங்களைத் தொகுத்தார், திருச்சி ராபினாட் தாவரக்கூடத்தின் கே. எம். மேத்யூ அடிகளார் 1999இல் பழனி மலைத் தாவரங்களை மூன்று பெரிய தொகுதிகளாகத் தந்தார். மரியன் சோலைச் சதுப்பில் மகரந்தத்தை ஆராய்ந்தவர்களும் உண்டு. ஆனால் நட்டும், அளந்தும், பனியையும் தீயையும் பிரித்தும் பார்த்த சோதனைகளுக்கு நாம் நீலகிரியையே எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது.

இரண்டும் நிலையானவை

அண்மைக்காலப் பதில், எது உச்சநிலை என்ற கேள்வியையே கைவிடுகிறது. ஒரே தட்பவெப்பத்தில் இரு நிலைகள் மாறி மாறி நிலைகொள்ள முடியும். ஒவ்வொன்றும் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். சோலை தன் கவிகையால் பனியையும் தன் ஈரத்தால் தீயையும் தடுத்துத் தன் நாற்றை வளர்க்கிறது. புல் பனிக்கு வெளியைத் திறந்து வைக்கிறது, கோடையில் தீக்குத் தன்னையே எரிபொருளாகக் கொடுத்து மறுமழையில் அடியிலிருந்து துளிர்க்கிறது. விளிம்பு ஏன் அவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதை இதுவரை வந்தவற்றில் இதுவே நன்றாக விளக்குகிறது. இதன் பலவீனம், எதையும் விளக்கிவிடும் தாராளம். இந்தச் சோலை இந்த மடிப்பில் ஏன் இருக்கிறது, அடுத்த மடிப்பில் ஏன் இல்லை என்று கேட்டால், பழைய வரலாறு என்று கைகாட்டுவதைத் தவிர அதற்கு வழியில்லை. மதிகெட்டான் சோலை ஏன் அவ்வளவு பெரிது, பாம்பார் சோலை ஏன் இவ்வளவு சிறிது என்பதற்கு அது ஒன்றும் சொல்வதில்லை.

பதில்கள் நட்ட மரங்கள்

புல்வெளி என்பது காடிழந்த தரிசு என்ற எண்ணம் ஏட்டோடு நிற்கவில்லை. விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் தோல் பதனிட வாட்டில் பட்டை, கூழுக்கும் தைலத்துக்கும் யூகலிப்டஸ், மரத்துக்குப் பைன் என்று மேல்பழனியின் புல்வெளிகள் நடவுக்குத் திறந்துவிடப்பட்டன. வெற்றுநிலத்தைப் பசுமையாக்கும் நல்ல காரியம் என்றே செய்தவர்கள் நம்பினார்கள். அரசுமணி முதலானோர் 2018இல் வெளியிட்ட செயற்கைக்கோள் ஆய்வு, 1973க்கும் 2014க்கும் இடையே பழனியின் மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கண்டது. காரணம், நட்ட மரங்களும் விவசாயமும். இந்த மலைத்தொடரின் உயிர்களுக்கு நேர்ந்த இழப்புகளில் இதுவே ஆகப் பெரியதாக இருக்கலாம். அது ‘மரம் நடுவிழா’ என்ற பெயரில் நடந்ததால் அழிவாக நம் கண்ணில் படவே இல்லை.

தண்ணீர்க் கணக்கும் அதில் சேரும். நீலகிரியில் கிளென்மார்கன் நீர்ப்பிடிப்பில் நடந்த ஆய்வு, புல்வெளியில் யூகலிப்டஸ் நட்டபின் முதல் சுற்றில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. சோலைதான் தண்ணீர் தருகிறது என்று மேடையில் சொல்வது வழக்கம். சோலையும் புல்லும் சதுப்பும் சேர்ந்த அமைப்புதான் அதைத் தருகிறது என்பதே சான்றுக்கு நெருக்கமான கூற்று.

2013இல் ஏறக்குறைய 609 சதுர கிலோமீட்டர் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் தமிழக அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கான கொள்கையை வெளியிட்டது. அரசின் மனம் மாறியிருக்கிறது, வரவேற்கத்தக்கது.

தீராதவை

சான்றுகளை எடைபோட்டால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். மேல்மலைப் புல்வெளி பழமையானது, இயற்கையானது. சோலை நாற்றைத் திறந்தவெளியில் தடுப்பதில் உறைபனிக்கு முதன்மைப் பங்கு உண்டு. தீ அதற்குத் துணை. மனிதக் கை விளிம்பை ஆங்காங்கே நகர்த்தியிருக்கும், ஆனால் அமைப்பையே உண்டாக்கவில்லை. இதற்கு மேல் உறுதி குறைகிறது.

இப்போது களத்தில் உள்ள கேள்வி பழைய ஆசிரியர்கள் யாரும் எதிர்பாராதது. பழைய பைன், வாட்டில் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை நாற்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. வட்டக்கானல் வட்டாரத்தில் சோலை மீட்பில் ஈடுபட்டவர்கள் இதை நெடுநாளாகக் கவனித்துச் சொல்லிவந்தார்கள். பனி வாதத்தின்படி இது எதிர்பார்க்கத்தக்கதே: அயல்மரம் கவிகை கொடுத்தது, சோலை அதன் கீழே பிழைத்தது. ஆனால் அந்த இடம் முன்பு புல்வெளியாக இருந்த இடம். அயல்மரத்தை அடியோடு வெட்டினால் சோலை நாற்றும் போகும். ஈரமான திறந்த மண்ணில் புல் திரும்புமா, வாட்டில் விதையே மீண்டும் கிளம்புமா என்பதற்கான விடை பெரும்பாலும் வாட்டில் பக்கமே சாய்கிறது, ஏனெனில் அதன் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கிக் கிடக்கும். வெட்டாமல் விட்டால் புல்லின் இடத்தில் புதிய சோலை வரும். வரையாட்டுக்கும் நெட்டைக்காலிக்கும் இருந்த நிலம் இன்னும் சுருங்கும். முற்றிய தோப்பை விட்டுவைத்து, புல்வெளிக்குள் இப்போது பரவும் இளம் வாட்டிலை முதலில் பிடுங்குவதே வெட்டச் சொல்பவர்களும் விடச் சொல்பவர்களும் ஒப்புக்கொள்ளக்கூடிய வேலை என்று தோன்றுகிறது. முற்றிய தோப்பைப் பற்றிய முடிவு இடத்துக்கு இடம் மாற வேண்டியிருக்கும்.

அதற்கு முன் தெரிய வேண்டியவை அடிப்படையானவை. மேல்பழனியில் எந்தெந்த மடிப்பில் ஆண்டுக்கு எத்தனை இரவு உறைபனி விழுகிறது? வெப்பம் கூடக்கூட அந்த இரவுகள் குறைகின்றனவா? அப்படிக் குறைந்தால் விளிம்பைத் தாண்டி முதலில் வெளியேறுவது சோலை நாற்றா, வாட்டிலா? கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில், 1899இல் நிறுவப்பட்ட காலத்திலிருந்து இயங்குகிறது. வானிலைப் பதிவு இந்த மலைக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு குன்றின் மேல் எடுத்த அளவு, சோலை விளிம்பில் முழங்கால் உயரத்தில் நிற்கும் ஒரு நாற்று என்ன குளிரை எதிர்கொள்கிறது என்பதைச் சொல்லாது. அந்த உயரத்தில், பியர் சோலையிலிருந்து பேரிஜம் தாண்டி வந்தரவு வரை, பல மடிப்புகளில் பல குளிர்காலங்களுக்கு வெப்பமானிகளை வைத்துப் பார்க்க வேண்டும். பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல அது.